ஒலி நிறுத்திக்கு எழுதிய விளக்கம்

அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், பெண்கள் கூடத்தில் மணியோசை அடங்கிப்போனதற்கு ஒரு பத்தி எழுத்துதான் காரணம் என்று சொன்னால், அங்கே படுத்திருந்தவர்கள் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். எழுதியவளுக்கே சில நாட்கள் அது நம்பும்படியாக இல்லை.

அலுவலகத்தில் அவளைப் புலவரம்மா என்று அழைத்தார்கள். பாட்டுக் கட்டுகிறவள் என்பதால் அன்று. மற்றவர்கள் ஒரு வரியோடு கை உதறிவிட்டுப் போகும் இடத்தில் இவள் ஒரு பத்தி எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்பதால். கேலியாக ஒட்டிய பெயர், போகப்போகத் தோலாகிவிட்டது. தொலைபேசியை எடுத்து, "புலவர் பேசறேன்" என்று தானே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு.

வேலை இதுதான். கூடங்களில் படுத்திருக்கும் நோயாளிகளின் சில்லறைத் தேவைகளை ஒரு செயற்கை அறிவு ஏஜென்ட் கவனித்துக்கொண்டது. விளக்கைத் தணிக்க ஒரு மென்பொருள், தண்ணீர் கொண்டுவரச் சொல்ல ஒன்று, விரிப்பு மாற்ற ஆளனுப்ப ஒன்று, செவிலியை அழைக்க ஒன்று என்று தனித்தனியே இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏஜென்ட் நுழைய ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல்களுக்குக் கருவிகள் என்று பெயர். வாசலுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஏஜென்டுக்குத் தெரியாது. அது கட்டிலைக் கண்டதில்லை, காய்ச்சலைத் தொட்டதில்லை. வாசலில் தொங்குகிற பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கும், படித்ததை நம்பும், நம்பியபடி நடக்கும். அந்தப் பலகைகளை எழுதுவது அவள் தொழில்.

அவளுடைய அக்கா கடைவீதியில் துணி தைக்கிறவள். அளவுநாடா கழுத்தில் தொங்க, உதட்டோரத்தில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுவதும் பேசக்கூடியவள். தங்கையின் வேலையை அவளுக்குப் புரிய வைப்பதற்குள் ஒரு ரவிக்கை தைத்து முடிந்துவிட்டது.

"மனுஷங்க ஒருத்தரும் படிக்காத எழுத்தை எழுதறதுக்கு உன்னை விட்டா ஆள் கிடையாதுடி," என்றாள் அக்கா.

"படிக்கறது மனுஷன் இல்லதான். ஆனா நான் எழுதறதை வரி விடாம படிக்கிற ஒரே ஆள் அதுதான்."

"அப்ப பார்த்து எழுது. வரி விடாம படிக்கறவங்ககிட்டதான் பயம்."

செவிலியர்கள் அந்த ஏஜென்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். சொன்னதைச் செய்வார், சொல்லாததைத் தொடமாட்டார், ஆனால் தப்பு நடந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. இதற்கு மேல் மாப்பிள்ளைக்கு என்ன லட்சணம் வேண்டும் என்று மூன்றாம் மாடிச் செவிலி சிரிக்காமல் கேட்பார்.

ஒலி நிறுத்தி என்ற கருவி அவள் கைக்கு வந்தது அந்தச் செவிலியர்களின் முறையீட்டால்தான். ஒவ்வொரு நோயாளியின் விரலிலும் மூச்சின் நலத்தைக் கணிக்கும் ஒரு சிறு கவ்வி மாட்டியிருக்கும். கவ்வி சற்று நழுவினால் மணி அடிக்கும். நோயாளி புரண்டு படுத்தால் அடிக்கும். கை சில்லிட்டுப் போனால் அடிக்கும். உண்மையிலேயே மூச்சுத் தடுமாறினாலும் அதே மணிதான், அதே குரல்தான். ஓடி ஓடிப் போய், நழுவிய கவ்வியைச் சரிசெய்து சரிசெய்து, செவிலியர்களின் கால் ஓய்ந்தது. நோயாளிகள் கண் மூடவே வழியில்லாமல் போயிற்று. எனவே அந்த ஒலியைச் சிறிது நேரத்துக்கு அடக்கிவைக்கும் அதிகாரத்தை ஏஜென்டுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

பிரிவுத் தலைவர் மென்மையான மனிதர். பிறர் மேசையில் கிடக்கும் பேனாக்களை ஒரே திசையில் அடுக்கிக்கொண்டேதான் பேசுவார். அடுக்கி முடிந்தால் பேச்சும் முடிந்துவிடும். இதற்கு உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது என்றார். அவள் உச்சி குளிர்ந்துபோனாள். பல பிற்பகல்கள் அந்தக் கூடத்தில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த மணி எதற்கு அடிக்கிறது என்று கேட்டாள். பிறகு எழுதினாள்.

"படுக்கையருகே எழும் எச்சரிக்கை ஒலியை இக்கருவி சிறிது நேரத்துக்கு நிறுத்தும். நோயாளி அசையும்போதும் கவ்வி நழுவும்போதும் ஒலி எழுவது இயல்பு. நோயாளியின் உறக்கம் மருந்துக்கு நிகரானது. அதைக் காக்க இக்கருவியைப் பயன்படுத்துக."

அதற்குக் கீழே இன்னும் மூன்று வாக்கியங்கள் இருந்தன. "இக்கருவி ஒலியை மட்டுமே நிறுத்தும், நோயாளியைப் பார்க்காது. ஒலி நின்றதால் நோயாளி நலம் என்று கொள்ளற்க. அதே படுக்கையில் மீண்டும் ஒலி எழுந்தால், இதைப் பயன்படுத்தாமல் செவிலியை அழைக்க."

சோதித்துப் பார்த்தபோது ஏஜென்ட் அந்த மூன்று வாக்கியங்களையும் வேதமாகக் கொண்டது. நழுவுகிற கவ்வி ஒருமுறை நழுவியதோடு நிற்பதில்லை அல்லவா? இரண்டாம் முறை நழுவியதும் செவிலியை அழைத்தது. செவிலியர்கள் பழையபடி ஓடினார்கள். கூடம் பழையபடி கத்தியது.

பிரிவுத் தலைவர் வந்து அவள் மேசையருகே நின்றார். பேனாக்களை அடுக்கத் தொடங்கினார்.

"நீங்க எழுதினதுல தப்பே இல்லம்மா. ஆனா மாப்பிள்ளை ரொம்ப யோசிக்கிறாரு. கடைசி மூணு வரி அவரைப் பயமுறுத்துது. அதை மட்டும் மனுஷங்க படிக்கிற கையேட்டுக்கு மாத்திடுங்க. சிஸ்டருங்க படிச்சுக்குவாங்க."

அவள் ஒரு கணம் தயங்கினாள். ஆனால் அவர் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. இடம் மாற்றத்தான் சொன்னார். ஒரு சொல்லும் வீணாகாது. அந்த நியாயம் அவளுக்கு வசதியாக இருந்தது. மூன்று வாக்கியங்களையும் பலகையிலிருந்து எடுத்துக் கையேட்டில் சேர்த்தாள். செய்கிறவன் படிக்காத இடத்தில் எச்சரிக்கை போய் உட்கார்ந்துகொண்டது. படிக்க வேண்டியவர்களுக்கோ, தாங்கள் செய்வதற்கு இனி எதுவும் இல்லை என்று சொல்லப்பட்டிருந்தது. இத்தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. எழுதிவிட்டோம் என்பதையே சொல்லிவிட்டோம் என்று எடுத்துக்கொள்வது.

செவிலியை அழைக்கும் கருவிக்கும் தானே எழுதித் தருகிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். அது மென்பொருள்களை ஒன்றோடொன்று பிணைக்கிற இணைப்புக்காரருடைய வாசல். அவர் தொங்கவிட்டிருந்த பலகையில் இரண்டே சொற்கள்: "செவிலியை அழைக்கும்." எப்போது அழைக்க வேண்டும், எந்தச் செவிலி வருவார், பலர் ஒரே நேரத்தில் அழைத்தால் யாருக்கு முன்னுரிமை, ஒன்றும் கிடையாது. இதில் என்ன புரியவில்லை என்று அவர் கேட்டார். புலவருடைய காவியத்தைப் புலவர் வாசலோடு வைத்துக்கொள்ளட்டும், தன் வாசலுக்கு ஒரு வரி போதும் என்றார். ஒருவர் பலகையில் மற்றவர் கை வைப்பதில்லை என்பது அந்த அலுவலகத்தின் எழுதாத சட்டம். அவள் விட்டுவிட்டாள்.

அப்புறம் நடந்ததை அதிசயம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வாசலில் நயமும் காரணமும் எடுத்துக்காட்டும் நிறைந்த விளக்கம். பக்கத்து வாசலில் இரண்டு சொல். எது தனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதோ அந்த வாசலுக்கே ஏஜென்ட் மீண்டும் மீண்டும் சென்றது. மூன்றாம் மாடி அமைதியாயிற்று. பிறகு இரண்டாம் மாடி. பிறகு மருத்துவமனை முழுவதும். ஜன்னல் திரை காற்றில் உரசுவது கேட்டது. சக்கர நாற்காலி தாழ்வாரத்தில் திரும்புவது கேட்டது. "நோயாளியின் உறக்கம் மருந்துக்கு நிகரானது" என்ற அவளுடைய வாக்கியத்தை நிர்வாகத்தினர் நீல எழுத்தில் செதுக்கி, கீழே வரவேற்புக் கூடத்துச் சுவரில் பதித்தார்கள். எழுதியவர் பெயர் இல்லை. இருந்தும், காலையில் அந்தச் சுவரைக் கடக்கும்போது அவள் நடை தானாகத் தளர்ந்தது. அது ஏதோ ஒரு சந்நிதி போலவும் தான் அதற்குப் பூச்சூட்டியவள் போலவும் நெஞ்சுக்குள் ஓர் இனிப்பு ஊறும்.

இவ்வளவு அமைதியான கூடத்துக்கு இத்தனை செவிலியர்கள் எதற்கு என்ற கேள்வி அந்த இனிப்புக்குப் பின்னாலேயே வந்தது. மாடிக்கு இரண்டு பேர் இருந்த இடத்தில் இரண்டு மாடிக்கு ஒருவர் என்றானது. மூன்றாம் மாடிச் செவிலி இப்போது மாடிப்படிக்கட்டிலேயே குடியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். தங்கை வேலை பார்க்கிற இடம் என்று அக்கா அங்கேயே வந்து சேர்ந்தாள். பெண்கள் கூடத்தில், ஜன்னலோரக் கட்டில்.

எதிர்க்கட்டிலில் காலில் கம்பி வைத்துக்கொண்டு படுத்திருந்தவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். பெருத்த உடம்பு, பெருத்த குரல். அவர் விடும் குறட்டை மேட்டில் ஏறும் வண்டிபோல இருக்கும். நடுவில் கியர் மாற்றுவது வரைக்கும் கேட்கும் என்று அக்கா சொன்னாள். படுத்த முதல் மாலையிலேயே இருவரும் உறவாகிவிட்டார்கள். குணமானதும் பஸ்காரம்மாவுக்கு ஒரு சட்டை தைத்துத் தருவதாக அக்கா வாக்களித்தாள். அதற்கான துணிக்குத் தனியாக ஒரு லாரி வேண்டும் என்று பஸ்காரம்மாவே பதில் சொன்னார்.

"நல்ல ஆஸ்பத்திரிடி," என்றாள் அக்கா. "இந்தம்மா குறட்டைய விட்டா சத்தமே இல்ல. எங்க தெருவுல கூட இப்படித் தூங்கினதில்ல."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது பஸ்காரம்மாவின் தலைமாட்டில், கவ்வியோடு இணைந்த சிறு திரை மஞ்சளாக ஒளிர்ந்தது. மணி வாய் திறந்தது. திறந்த வேகத்தில் அடங்கியது. அவர் உறங்கிக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து மீண்டும் ஒளிர்ந்தது, மீண்டும் மணி ஒரு சொல் சொல்ல வந்து விழுங்கிக்கொண்டது. ஒருவரும் வரவில்லை. யாரோ அறையின் வாயைப் பொத்திப் பொத்தி எடுப்பதுபோல இருந்தது.

அவள் எழுந்துபோய் மாடிப்படியில் செவிலியைப் பிடித்து அழைத்துவந்தாள். செவிலி போர்வையை விலக்கிப் பார்த்தார். கவ்வி விரலிலிருந்து கழன்று மெத்தையில் கிடந்தது. மாட்டியதும் திரை பச்சைக்குத் திரும்பியது.

"பார்த்தீங்களா? மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் செவிலி, மூச்சு வாங்க. கோபமில்லை, களைப்புதான்.

செவிலியர் அறையைக் கடந்து வரும்போது உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆடுகிற மேசையின் ஒரு காலுக்குக் கீழே, முட்டுக் கொடுத்தாற்போல், அவளுடைய கையேடு இருந்தது. மேசை இப்போது ஆடவில்லை.

மறுநாள் காலை அக்காவை அறுவைக்குள் அனுப்பிவிட்டு அவள் நேரே பிரிவுத் தலைவரிடம் போனாள். அந்த மூன்று வாக்கியங்களையும் பலகைக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றாள். நேற்று என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். கவ்வி கழன்றிருந்தது என்று சொல்லும்போதே தன் வாதம் தன் கையில் உடைவதை அவள் கண்டாள். அப்படியானால் ஏஜென்ட் செய்தது சரிதானே என்று அவர் மெதுவாகக் கேட்டார். அன்று சரி, என்றைக்கும் சரியா என்று அவள் கேட்டாள். அவர் பேனாக்களை அடுக்கிக்கொண்டே யோசித்தார். வேறு மருத்துவமனைகளிலிருந்து இந்த அமைதியைக் காண ஒரு குழு நாளைப் பிற்பகல் வருகிறது. இன்று இதை மாற்றினால் நாளைக்கு எல்லா மாடியும் கத்தும். அவர்கள் போனதுமே தானே முன்னின்று மாற்றித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நாள். கடைசிப் பேனாவும் வரிசைக்கு வந்துவிட்டது.

அவள் சரி என்றாள். குழுவினர் அந்தச் சுவரின் முன்னால் நின்று நீல எழுத்தைப் படிக்கப் போகும் காட்சி தன் மனத்தில் ஒரு நொடி மின்னியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா அறுவையிலிருந்து நல்லபடியாக வந்தாள். மறுநாள் முற்பகலில் தலையணையில் சாய்ந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். வலி கடுமையாக இருந்தது. வலிக்குப் போட்ட ஊசி ஆளை அப்படியே கிணற்றுக்குள் இறக்குகிறது என்றாள். இந்த மருந்து சிலருக்கு மூச்சைத் தளர்த்தும், அதனால்தான் கவ்வி என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். உச்சிப் பொழுது ஆனதும் பார்வையாளர்கள் வெளியேற வேண்டும். அவள் அக்காவின் விரலில் கவ்வி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"போடி. என்னைவிட அதைத்தான் அதிகம் பார்க்கறே," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள் அக்கா.

அலுவலகம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், எதிர்க்கட்டடத்தில் இருந்தது. மேசையில் உட்கார்ந்தவளுக்கு வேலை ஓடவில்லை. ஏஜென்ட் எந்தப் படுக்கைக்கு எந்தக் கருவியை எடுத்தது, ஏன் எடுத்தது என்று அதுவே எழுதிக்கொண்டு போகும் பதிவு ஒன்று உண்டு. பழுது பார்க்கிறவர்கள் தவிர யாரும் அதைத் திறப்பதில்லை. அவள் திறந்தாள். மூன்றாம் மாடி. பெண்கள் கூடம். ஜன்னலோரக் கட்டில்.

"ஒலி எழுந்தது. நோயாளி அசையும்போது ஒலி எழுவது இயல்பு. நோயாளியின் உறக்கம் மருந்துக்கு நிகரானது. ஆகவே ஒலியை நிறுத்துகிறேன்."

அதற்கு மேலேயும் அதுவே இருந்தது. அதற்கும் மேலே அதுவே. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே புதிதாக ஒரு வரி விழுந்தது, அதுவும் அதுவே. செபம் சொல்பவனின் நிதானத்தோடு, சொல் பிறழாமல், பக்தி குறையாமல், அவளுடைய வாக்கியத்தை அவளுக்கே அது ஓதிக்கொண்டிருந்தது. அக்காவின் மூச்சு அந்த வரிகளுக்கு நடுவே எங்கேயோ இருந்தது. எந்த வரியும் அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் மாடிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். யாரும் எடுக்காமல் அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. செவிலி வேறு மாடியில் இருக்க வேண்டும். பிரிவுத் தலைவரை அழைத்தாள். கீழே குழுவினரோடு இருக்கிறார், பிறகு பேசுவார் என்று ஒரு குரல் சொன்னது. எழுந்து ஓடலாம். ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இன்னும் எத்தனை முறை அது அக்காவின் உறக்கத்தைக் காக்கும்?

பலகையைத் திறந்தாள். திருத்தத்துக்கு இருவர் ஒப்புதல் வேண்டும். அவசரத் திருத்தம் என்றால் எழுதியவர் தன் பெயரில், தன் பொறுப்பில், ஒருவராகவே செய்யலாம். அப்படிச் செய்தவர்கள் பிறகு அந்த நாற்காலியில் நெடுநாள் இருந்ததில்லை. அது அவளை நிறுத்தவில்லை. அவளை ஒரு கணம் நிறுத்தியது வேறொன்று. ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் பலகையைப் புதிதாகப் படிக்கிறது. இந்த மூன்று வாக்கியங்கள் உள்ளே போன அந்த நொடியிலிருந்து, இந்த ஒரு கட்டிலுக்கு மட்டும் அல்ல, எல்லா மாடியிலும் எந்தெந்தக் கட்டிலின் வாய் பொத்தப்பட்டிருந்ததோ அத்தனையும் திறக்கும். அவை எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. அவற்றுக்கு ஓட எத்தனை கால்கள் மிச்சம் இருக்கின்றன என்பது தெரியும்.

பதிவில் இன்னொரு வரி விழுந்தது.

இக்கருவி ஒலியை மட்டுமே நிறுத்தும், நோயாளியைப் பார்க்காது. எழுத்துப் பிழை ஒன்றும் விழவில்லை. மூன்றையும் எழுதி, தன் பெயரை இட்டு, அழுத்தினாள்.

பதிவு ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றது. பிறகு: "அதே படுக்கையில் மீண்டும் ஒலி எழுந்துள்ளது. செவிலியை அழைக்கிறேன்."

அவள் ஓடினாள். மாடிப்படியில் செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டு ஓடினாள். முற்றத்தில் கால் வைத்தபோது வெயிலில் கண் கூசியது. எதிர்க்கட்டடம் அதன் எல்லா ஜன்னல்களோடும் அமைதியாக நின்றது. பாதி முற்றத்தைக் கடந்தபோது மேலே எங்கோ ஒரு மணி அடித்தது. அடித்தது நிற்கவில்லை. அதன்மேல் இன்னொன்று. இடப்பக்கத்து மாடியில் ஒன்று. அடக்கிவைத்த காலம் ஒவ்வொரு கட்டிலிலும் ஒவ்வொரு நேரத்துக்கு முடிய, மழை பிடிப்பதற்கு முன்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளி விழுவதுபோலத் தொடங்கி, அவள் வாயிலை அடைவதற்குள் கட்டடம் முழுவதும் ஒரே குரலாகிவிட்டது.

வரவேற்புக் கூடத்தில் அந்த நீலச் சுவரின் முன்னால் குழுவினர் நின்றிருந்தார்கள். எல்லோரும் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிவுத் தலைவர் அவளைக் கண்டார். ஒற்றைச் செருப்போடு அவள் அவரைக் கடந்து ஓடினாள். அவர் கையில் யாருடையதோ ஒரு பேனா இருந்தது.

மூன்றாம் மாடியில் செவிலி அவளுக்கு முன்பே வந்திருந்தார். முதல் அழைப்பு அக்காவுடையது. அது அவர் இடுப்பில் தொங்கிய கைக்கருவிக்கு வந்த நேரத்தில் அவர் படிக்கட்டில் இருந்தார், அவ்வளவுதான் அதிர்ஷ்டம். அக்காவின் உதடு நாவல் நிறத்தில் இருந்தது. செவிலி ஆக்சிஜன் மூடியை முகத்தில் பொருத்தி, நெஞ்செலும்பில் முஷ்டியால் தேய்த்து, கண்ணைத் திறங்க, மூச்சை இழுங்க என்று அதட்டிக்கொண்டிருந்தார். நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அக்காவின் மார்பு ஒருமுறை ஏறியது. இறங்கியது. இன்னொரு முறை ஏறியது. கண்ணிமை விலகியது.

மூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். அவள் குனிந்து காதை வைத்தாள்.

"என்னடி... இவ்வளவு சத்தம்."

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் சரிந்தாள். நாளும் அவள் தொழுத தெய்வத்தின் பெயர் நாவில் எழுந்தது, முழுதாக வெளிவரவில்லை. ஏனென்றால் செவிலி இன்னும் அங்கேயே, நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கைக்கருவியின் திரையை விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். அது முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு படுக்கை. ஒவ்வொரு படுக்கைக்கும் இரண்டே சொற்கள்: செவிலி தேவை.

"எல்லாம் ஒரே மாதிரி வந்திருக்கு," என்றார் செவிலி. குரல் உயரவே இல்லை. "நான் ஒருத்திதான் இருக்கேன். எதுக்கு முதல்ல போகட்டும்? சொல்லுங்க. நீங்கதானே எழுதறவங்க."

ஒருவரும் அதை எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

அத்தனை மணிகளுக்கு நடுவே ஏதோ ஓர் ஓசை குறைவதுபோல அவளுக்குத் தோன்றியது. எது என்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. மேட்டில் ஏறும் வண்டியின் ஓசை. எதிர்க்கட்டிலில் திரை மஞ்சளைக் கடந்து சிவந்திருந்தது. பஸ்காரம்மா மல்லாந்து, வாய் சற்றே திறந்து, நன்றாக உறங்குகிறவர்போலக் கிடந்தார்.

கவ்வி கழன்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள். நேற்று முன்தினம்கூடக் கழன்றுதானே கிடந்தது. போர்வைக்கு மேலே கிடந்த அந்தக் கனத்த கையைத் தூக்கினாள். கை சில்லென்றிருந்தது.

கவ்வி விரலில் இறுக்கமாக, சரியாக, இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.